டப்ளின் டைரி: கிறிஸ்டி ப்ரௌனும் அந்த இடது காலும்

வியாழன் ராத்திரி

டப்ளின் வந்தாச்சு. ஏர்போர்ட்ல பஸ் ஏறி ஓ'கானல் ஸ்ட்ரீட்ல இறங்கினேன், அக்கா டூட்டி முடிஞ்சு வர சாயங்காலம் ஆகும்னு சொல்லிட்டாங்க, சரின்னு ட்ராலி பேகையும் இழுத்துக்கிட்டு நேரா ரொட்டண்டா ஆஸ்பத்திரி வாசலுக்கு போயிட்டேன். (அக்கான்னா கூடப்பிறந்தவங்க இல்ல, எங்க ஊர்க்காரங்க, இங்க நர்ஸ், அவங்க வீட்லதான் தங்கல்.) 1745ல ஆரம்பிச்ச பிரசவ ஆஸ்பத்திரி இது, 1757ல இருந்து இதே கட்டடம், இன்னைக்கும் உள்ள பிரசவம் நடந்துக்கிட்டேதான் இருக்கு. நான் நின்ன நேரத்துல ஒரு அப்பா கார் சீட்ல பச்சக்குழந்தைய வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு படியில அவ்ளோ மெதுவா இறங்கி வந்தாரு.

1932 ஜூன் 5, இங்கதான் கிறிஸ்டி ப்ரௌன் பிறந்தார். தெரியாதவங்களுக்காக சொல்றேன். எழுத்தாளர், ஓவியர், கவிஞர். செரிபிரல் பால்சி, சுருக்கமா சிபி, பெருமூளை வாதம்னு நம்ம பக்கம் சொல்றது, அது இருந்தவர். உடம்புல அவர் சொன்ன பேச்ச கேட்ட ஒரே பாகம் இடது கால். அந்த கால்லயே வரைஞ்சார், அந்த கால்லயே டைப் அடிச்சார். 1954ல வந்த அவரோட சுயசரிதைக்கு பேரே மை லெஃப்ட் ஃபூட், அத வச்சு 1989ல வந்த படத்துக்கு ரெண்டு ஆஸ்கர், கிறிஸ்டியா நடிச்ச டேனியல் டே லூயிஸுக்கு ஒண்ணு, அம்மாவா நடிச்ச ப்ரெண்டா ஃப்ரிக்கருக்கு ஒண்ணு.

நான் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகள தானே செய்ய பழக்கற தெரபி, சிபி உள்ள பிள்ளைங்களோடதான் என் பொழப்பு. படிக்கிற காலத்துல இருந்தே இந்த மனுஷன் மேல எனக்கு தனி பிரியம், அதனால இந்த லீவுக்கு வேற ஊர் எதையும் யோசிக்கவே இல்ல.

கிறிஸ்டிக்கு நாலு மாசம் இருக்கும்போது பால் கொடுக்க தூக்கினா தலை பின்னாடி சாயுதுன்னு முதல்ல கவனிச்சது அம்மா பிரிட்ஜெட்தான். அப்புறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சாங்க, டாக்டருங்க மூளை வளர்ச்சியே கிடையாது, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அந்த அம்மா ஒத்துக்கல. உடம்புதான் முடங்கியிருக்கு, புத்தி முடங்கலன்னு புடிச்ச புடியில நின்னாங்க. அதுக்கு அவங்க கையில எந்த ஆதாரமும் கிடையாது, குழந்தையோட கண்ணைத் தவிர. அசைவ கட்டுப்படுத்துற மூளைப் பகுதியில அடிபட்டா கை கால் வாய் எல்லாம் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கும், ஆனா யோசிக்கிற திறமை முழுசா அப்படியே இருக்கலாம். இன்னைக்கு இத நாங்க பாடமா படிக்கிறோம், அந்த அம்மா பாடம் எதுவும் படிக்காம 1930கள்லயே சொல்லிட்டாங்க.

ரொட்டண்டாவ ஒட்டி அதே கட்டடத்தோட ஒரு பக்கத்துலதான் கேட் தியேட்டர். கிறிஸ்டி வாழ்க்கைய திருப்பிப் போட்ட குழந்தை டாக்டர் ராபர்ட் காலிஸ் எழுதின நாடகம், டப்ளின் சேரிகள பத்தினது, 1939ல இங்கதான் மேடை ஏறிச்சு. டாக்டரே நாடகம் எழுதுறவர்ங்கறத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும். ஓ'கானல் ஸ்ட்ரீட்லயே கொஞ்ச தூரத்துல க்ரெஷம் ஹோட்டல். சிபி பிள்ளைங்களுக்கு நிதி திரட்ட அங்க ஒரு கச்சேரி வச்சாங்க, அமெரிக்க பாடகர் பர்ல் ஐவ்ஸ் வந்து பாடினார், நடுவுல காலிஸ் மேடையில நின்னு கிறிஸ்டி எழுதிக்கிட்டிருந்த சுயசரிதைய வாசிச்சார், கூட்டமே அசையாம கேட்டுச்சு, முடிஞ்சதும் கிறிஸ்டியோட அம்மாவுக்கு சிவப்பு ரோஜா கொடுத்தாங்க. கிம்மேஜ்ங்கற ஏழைங்க குடியிருப்புல இருந்து வந்த கொத்தனார் பொண்டாட்டி, க்ரெஷம் மாதிரி பெரிய ஹோட்டல்ல, அத்தன பேர் கைதட்ட. லாபிக்குள்ள போய் சும்மா பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு வந்தேன்.

வெள்ளி

காலையில அக்காவுக்கு ஆஃப். "நீ தனியா போய் அந்த ஏரியால சுத்தாத, நானும் வரேன் இரு"ன்னு கிளம்பிட்டாங்க. பஸ்ல கிம்மேஜ். டூரிஸ்ட் யாரும் வர்ற இடமே இல்ல இது. 1930கள்ல நகரத்து நடுவுல இடிஞ்சு விழுற வீடுகள்ல ஒரு ரூம்ல ஒரு குடும்பம்னு கிடந்த ஜனங்கள கொண்டு வந்து குடிவைக்க கார்ப்பரேஷன் க்ரம்லின், கிம்மேஜ் பக்கம் வரிசை வரிசையா வீடு கட்டுச்சு. எழுத்தாளர் பிரெண்டன் பீஹன் குடும்பமும் 1937ல இங்க பக்கத்துல கில்டேர் ரோட்டுக்குத்தான் வந்தாங்க. கிறிஸ்டி வீடு ஸ்டானவே ரோட்ல. இப்பவும் ஆளுங்க குடியிருக்கற தெரு, அதனால வீட்டு போட்டோ எதுவும் எடுக்கல, தெருவுல ஒரு தடவ மெதுவா நடந்து போய்ட்டு திரும்பி வந்தோம்.

வீடு எல்லாம் சின்னது. முன்னாடி கையகல தோட்டம், ஒட்டி ஒட்டி சுவர். பிரிட்ஜெட் 22 பிள்ளை பெத்தாங்க, 13 பேர் நிலைச்சாங்க. அப்பா பாட்ரிக் கொத்தனார். அக்கா சுவத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க, அப்புறம் "இத்தன பிள்ளைய வச்சுக்கிட்டு இந்த வீட்ல அந்தம்மா அவனுக்கு தனியா சொல்லிக் கொடுத்திருக்குன்னா, அது எப்ப தூங்கியிருக்கும்டி?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல.

அந்த சாக்பீஸ் கதை இங்க நடந்ததுதான். கிறிஸ்டிக்கு அஞ்சு வயசு, டிசம்பர் மாசம், சாயங்காலம். அடுப்பு பக்கத்துல அவனோட அக்காவும் அண்ணனும் ஸ்லேட்ல கணக்கு போட்டுக்கிட்டு இருக்காங்க, மஞ்சள் சாக்பீஸ். இவன் கண்ணு அதுலயே இருக்கு. சட்டுன்னு இடது கால நீட்டி அந்த சாக்க புடுங்கிட்டான். வீடே அமைதியாயிடுச்சு. அம்மா கீழ முட்டி போட்டு தரையில இங்கிலீஷ் ஏ-ன்னு ஒரு எழுத்து போட்டு இத பாத்து எழுதுன்னாங்க. முதல்ல வரல. கிறுக்கல்தான் வந்துச்சு, சாக் உடைஞ்சுது. அம்மா தோள்ல கை வச்சு திரும்ப எழுதச் சொன்னாங்க, எழுதினான். கோணல் மாணலா, ஆனா ஏ.

என் தொழில் கண்ணோட இந்த இடத்த பாக்கறேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல சாக்க புடிக்கணும், புடிச்சத நழுவ விடாம கணுக்கால் அசையாம நிக்கணும், முட்டியும் இடுப்பும் அதுக்கு ஏத்த மாதிரி திரும்பணும், இதெல்லாம் மத்த உடம்பு முழுக்க முறுக்கிக்கிட்டு இருக்கும்போது. ஒரு நாள்ல வர்ற விஷயம் இல்ல இது. அந்தப் பையன் யாரும் பாக்காத நேரத்துல எத்தன நாள் அந்த கால வச்சு எதெதையோ தொட்டு, தள்ளி, புடிச்சு பழகியிருப்பான்! படத்துல அவன் எடுத்த எடுப்புல தரையில அம்மாங்கற வார்த்தைய எழுதற மாதிரி காட்டுவாங்க, பாக்க கண்ணீர் வரும். ஆனா எனக்கு அந்த கோணல் ஏ தான் பெருசு, ஏன்னா அதுக்கப்புறம் அம்மா தினம் தினம் வேலைக்கு நடுவுல ஒவ்வொரு எழுத்தா சொல்லிக் கொடுத்தாங்க. அம்மாங்கற வார்த்தை அதுக்கு ரொம்ப பின்னாடி வந்துச்சு.

இந்த தெருவுலதான் ஹென்றியும் ஓடுச்சு. ஹென்றிங்கறது ஒரு பழைய தள்ளுவண்டி, கிறிஸ்டியே வச்ச பேரு. அண்ணன் தம்பிங்க அதுல அவன உக்கார வச்சு எங்க போனாலும் இழுத்துக்கிட்டு போவாங்க. அது உடைஞ்சு போன அன்னிக்குதான் தான் மத்த பசங்க மாதிரி இல்லைன்னு அவனுக்கு முதல் தடவையா உறைச்சுது, வீட்டுக்குள்ளயே சுருண்டுட்டான். ஒரு வண்டி உடைஞ்சா ஒரு பையனோட உலகம் மூடிக்குது. வீல்சேர் சக்கரம் ரிப்பேர்னு மாசக்கணக்கா வீட்ல கிடக்கற பிள்ளைங்கள பாக்கறவ நான், அந்த அத்தியாயத்த என்னால ஒரே மூச்சுல படிக்க முடியல.

அப்புறம் பெயிண்ட். ஒரு கிறிஸ்துமஸுக்கு அண்ணனுக்கு கலர் டப்பா வந்துச்சு, இவனுக்கு பொம்மை சிப்பாய்ங்க. ரெண்டு பேரும் மாத்திக்கிட்டாங்க. அவ்ளோதான், அதுக்கப்புறம் கால்ல ப்ரஷ். கொஞ்ச வருஷத்துல சண்டே இண்டிபெண்டன்ட் பேப்பர் நடத்தின குழந்தைகள் ஓவியப் போட்டியில பரிசும் வாங்கிட்டான்.

பின்னாடி தோட்டத்துல இருந்த அந்த ரூம் பத்தியும் சொல்லணும். பெரியவனானதும் ஒரு டாக்டர் வீட்டுக்கு வந்து சமையல்கட்டுலயே எக்ஸர்சைஸ் கொடுத்தார், சுத்தி முழுக் குடும்பமும். கூச்சமா இருக்காதா ஒரு இளவட்டத்துக்கு? அம்மா அவனுக்குன்னு தனி ரூம் கேட்டாங்க, அப்பா நடக்காதுன்னுட்டார். ஒரு நாள் அம்மா தானே செங்கல் வாங்கி, கலவை போட்டு, சுவர் எழுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. கொத்தனார் வீட்டுக்காரருக்கு அத பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா, கோணலா போகுதுன்னு சொல்லிக்கிட்டே அவரும் பிள்ளைங்களும் சேர்ந்து கட்டி முடிச்சாங்க. புத்தகம் எழுதினது அந்த ரூம்ல.

இத வெறும் மனஉறுதி கதையா சொல்றவங்கள கண்டா எனக்கு கோவம் வருது. மனஉறுதி இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா வண்டி இழுக்க ஆள் இருந்துச்சு, தரையில உக்கார்ந்து சொல்லிக் கொடுக்க அம்மா இருந்தாங்க, செங்கல் இருந்துச்சு. இதெல்லாம் இல்லாம அதே புத்தி, அதே உறுதியோட மூலையில கிடந்து போன பிள்ளைங்க எத்தன பேர்னு யாரு கணக்கு வச்சிருக்கா?

சனி

மழை. க்ளாஸ்நெவின் கல்லறைத் தோட்டம். 1832ல திறந்தது, 15 லட்சம் பேருக்கு மேல இங்க அடக்கம், நகரத்துல உயிரோட இருக்கறவங்கள விட அதிகம்னு இங்க எல்லாரும் சொல்ற பேச்சு. ஐரிஷ் விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் கல்லறையில பூங்கொத்து குவிஞ்சு கிடக்கு. கிறிஸ்டியும் இங்கதான். கொஞ்ச நேரம் நின்னு கும்பிட்டேன்.

1981 செப்டம்பர் 7, இங்கிலாந்துல சாமர்செட் பக்கம் பார்ப்ரூக்ங்கற கிராமத்து வீட்ல, ராத்திரி சாப்பாட்டுல கறி தொண்டையில அடைச்சு இறந்து போனார். 49 வயசு. எழுத்துல அவ்ளோ சாதிச்சவர் சாப்பாடு அடைச்சு போனாரேன்னு நிறைய பேர் விதி மாதிரி எழுதுறாங்க. விதி இல்ல அது. இந்த வகை சிபியில நாக்கு, தாடை, தொண்டை எல்லாத்துலயும் அதே கட்டுப்பாடில்லாத அசைவு இருக்கும், மெல்லறதும் முழுங்கறதும் மூச்சும் ஒண்ணுக்கொண்ணு சரியா சேராது. உணவு எவ்ளோ மிருதுவா இருக்கணும், தலை எந்த கோணத்துல இருக்கணும், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் எவ்ளோ இடைவெளி, இதெல்லாம் உயிர் பிரச்சனை. பெரியவங்க ஆனதும் இத கவனிக்க ஆளே இல்லாம போயிடுது. இன்னொரு ஐரிஷ் எழுத்தாளர் கிறிஸ்டோபர் நோலன், சினிமா டைரக்டர் இல்ல, இவர் 1965ல பிறந்தவர், சிபி, நெத்தியில கட்டின குச்சியால டைப் அடிச்சு எழுதினவர், 1987ல விட்பிரெட்ங்கற இலக்கியப் பரிசு வாங்கினார். அவரும் 2009ல மூச்சுக்குழாய்ல உணவு போய்த்தான் இறந்தார், 43 வயசு. வீட்ல சிபி உள்ள பெரியவங்க இருந்தா, சாப்பிடும்போது இருமல், கண்ணு கலங்கறது, சாப்பிட்ட பிறகு குரல் கரகரன்னு ஈரமா வர்றது, இதுல எது இருந்தாலும் ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டு போய் முழுங்கறத செக் பண்ணுங்க. தள்ளிப் போடாதீங்க.

கிறிஸ்டியோட கடைசி வருஷங்கள பத்தி 2007ல வந்த ஒரு வாழ்க்கை வரலாறு நிறைய கேள்வி எழுப்புது. மனைவி மேரிய 1972ல கல்யாணம் பண்ணினார், அந்த வாழ்க்கைய வெளிய இருந்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஞாயிறு

டார்ட் ரயில் புடிச்சு சாண்டிமவுண்ட். ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா அதே ரோட்லதான் எனேபிள் அயர்லாந்தோட இடம். காலிஸும் இன்னும் சிலரும் 1948ல செரிபிரல் பால்சி பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச சங்கம்தான் இன்னைக்கு அந்த பேர்ல நாடு முழுக்க இருக்கு. ஞாயித்துக்கிழமை, பூட்டியிருந்துச்சு. படத்துக்காக டே லூயிஸ் இந்த சாண்டிமவுண்ட் கிளினிக்ல வந்து பிள்ளைங்களோட இருந்து கத்துக்கிட்டார். இதே ரோட்ல 5ஆம் நம்பர் வீட்லதான் கவிஞர் யேட்ஸ் பிறந்தார், 1865ல.

காலிஸ் ஏற்கனவே ஒரு தடவ கிறிஸ்டிய பாத்திருக்கார், ஒரு சினிமா தியேட்டர்ல, அண்ணன் முதுகுல உப்புமூட்டை ஏறி போற பையனா. அந்த முகம் மறக்கல, வருஷம் கழிச்சு தேடி புடிச்சு வீட்டுக்கே வந்தார். 1945ல பெர்கன்-பெல்சன் நாஜி வதை முகாமுக்கு போய் அங்க இருந்த குழந்தைங்க சில பேர அயர்லாந்துக்கே கூட்டிட்டு வந்த மனுஷன் அவர். கிறிஸ்டிய லண்டனுக்கு அனுப்பி, சிபி சிகிச்சையில பெயர் பெத்த ஐரீன் காலிஸ்கிட்ட காட்டினார், அவரோட உறவுக்காரங்க. அந்தம்மா பாத்துட்டு குணமாக வழி இருக்கு, ஆனா ஒரு நிபந்தனைன்னாங்க. இனி இடது கால தொடவே கூடாது. அந்த கால் எல்லா வேலையையும் எடுத்துக்கறதால மத்த உடம்பு முறுக்கிக்கிட்டே இருக்கு, அத நிறுத்தினாதான் கையும் பேச்சும் வரும்.

கிறிஸ்டி சரின்னுட்டார். நினைச்சு பாருங்க. வரையறது போச்சு, எழுதறது போச்சு. எதுக்காக? நடக்கலாம், பேசலாம், எல்லாரையும் போல ஆகலாம்ங்கற ஆசைக்காக.

அந்த காலத்து அறிவுக்கு அந்த சிகிச்சையில ஒரு நியாயம் இருந்துச்சு, பேச்சு கொஞ்சம் தெளிஞ்சுது, உடம்பு கொஞ்சம் தளர்ந்துச்சு. ஆனா விலை? சுயசரிதைய தம்பிங்கள உக்கார வச்சு சொல்லச் சொல்ல எழுத வச்சார். முதல் பிரதி காலிஸ்கிட்ட போச்சு. நாடகம் எழுதின டாக்டர் ஆச்சே, முகத்துக்கு நேரா சொல்லிட்டார், மோசமா இருக்கு, அகராதில இருந்து பொறுக்கின பெரிய பெரிய வார்த்தையா இருக்கு, ஆனா நடுவுல ஒரு வரி மட்டும் நல்லா இருக்கு, அந்த மாதிரி எழுதுன்னு. பாவம்னு தட்டிக் கொடுக்காம எழுத்தாளனா மதிச்சு திட்டினார் பாருங்க, அந்த மரியாதை எத்தன பேருக்கு கிடைக்கும்!

எழுத எழுத ஒரு நாள் பொறுமை போயிடுச்சு. மனசுல இருக்கற வேகத்துக்கு வாய் வரல, வாய் சொன்னது தம்பி பேனாவுல வேற மாதிரி ஆகுது. தம்பிய ரூம விட்டு வெளிய போகச் சொன்னார். கதவ சாத்தினார். இடது கால் ஷூவ உதறி, சாக்ஸ கழட்டி, விரலுக்கு நடுவுல பென்சில புடிச்சு எழுத ஆரம்பிச்சுட்டார். அந்த பக்கத்த படிக்கும்போது எனக்கு எழுந்து நிக்கணும் போல இருந்துச்சு. அவர் வாழ்க்கையில அந்த மஞ்சள் சாக்குக்கு சமமா ஒரு நாள் உண்டுன்னா அது இதுதான், ஆனா யாரும் இத பெருசா பேசறதில்ல.

இன்னைக்கும் நம்ம கிளினிக்குகள்ல கையாலதான் எழுதணும், வாயாலதான் பேசணும், காலாலதான் நடக்கணும்னு பிள்ளைங்கள வருஷக்கணக்கா பழக்கறோம். கண்ணால கீபோர்ட் தட்டற கருவி இருக்கு, படத்த காட்டி பேசற போர்டு இருக்கு, அத கொடுத்தா பேச்சு வராம போயிடும்னு பெத்தவங்க பயப்படறாங்க. அந்த மாதிரி கருவியால பேச்சு குறையறதில்ல. கருவி கொடுக்காம காத்திருக்கற வருஷங்கள் பிள்ளைக்கு திரும்பக் கிடைக்காது. எந்த விரல் அசையுதோ அது வழியா முதல்ல பேச விடுங்க, எக்ஸர்சைஸ் பக்கத்துலயே நடக்கட்டும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. எங்கிட்ட வர்ற ஒவ்வொரு அம்மாகிட்டயும் இததான் சொல்றேன்.

ராத்திரி இத அக்காகிட்ட சொன்னப்ப அவங்க சாம்பார தாளிச்சுக்கிட்டே "அப்ப கடைசில கால்தான் ஜெயிச்சுதா?"ன்னாங்க. ஆமாக்கா, கால்தான்.

திங்கள்

ரத்கூல். டப்ளினுக்கு தென்மேற்கா நாஸ் ரோட்ல இருக்கற ஊர். பேரும் பணமும் வந்த பிறகு கிறிஸ்டி இங்க வீடு கட்டி இருந்தார், அப்புறம் கெர்ரி பக்கம் பாலிஹைக்ல கொஞ்ச காலம். ஊர்ல பாக்க ஒண்ணும் பெருசா இல்ல, ஒரு காபி குடிச்சேன், பஸ்ல போக வர ரெண்டு பக்கமும் படிச்சது டவுன் ஆல் தி டேஸ், 1970ல வந்த அவரோட நாவல்.

ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில கிடைச்ச பிரதி, முதுகு கிழிஞ்சு டேப் ஒட்டினது. எழுதி முடிக்க அவருக்கு ரொம்ப வருஷம் ஆச்சு, அமெரிக்காவுல கனெக்டிகட்ல இருந்த பெத் மூர்ங்கற தோழி தினமும் உக்கார வச்சு எழுத வச்சிருக்காங்க, நாவல சமர்ப்பணம் பண்ணினதும் அவங்களுக்குத்தான். அதுக்குள்ள 1968ல அம்மா இறந்துட்டாங்க.

மை லெஃப்ட் ஃபூட் மட்டும் படிச்சவங்களுக்கு இது அதிர்ச்சியா இருக்கும். அதே தெரு, அதே வண்டி, அதே குடும்பம். ஆனா இதுல அப்பா அடிக்கிறவர், குடிக்கிறவர், அம்மா ஓயாம பிள்ளை பெத்து உடம்பு தேஞ்சவங்க, வறுமை நாத்தத்தோட வருது. வண்டியில உக்கார்ந்திருக்கற பையனுக்கு பேரே கிடையாது. அவன் பேசறதும் குறைவு. எல்லாரும் அவன் இருக்கறதையே மறந்துட்டு அவன் முன்னாடி சண்ட போடறாங்க, காதல் பண்றாங்க, அழறாங்க, அவன் பாத்துக்கிட்டே இருக்கான். 22 வயசுல எழுதின சுயசரிதைய பின்னாடி அவரே பெருசா மதிக்கல. எனக்கு ரெண்டும் வேணும், ஆனா எழுத்துன்னு பாத்தா இந்த நாவல்தான். வாக்கியம் ஒவ்வொண்ணும் அரை பக்கம் போகுது, மூச்சு வாங்குது, ஐரிஷ் பேச்சும் வசையும் ஜெபமும் ஒண்ணா புரண்டு வருது. ஒவ்வொரு எழுத்தையும் ஒரே ஒரு கால்ல அடிச்சவர் வார்த்தைய சிக்கனம் பண்ணியிருப்பார்னு நினைப்போம், இவர் வாரி இறைச்சிருக்கார்.

கவிதைத் தொகுப்புகளும் உண்டு, 1971ல கம் சாஃப்ட்லி டு மை வேக் முதல்ல வந்துச்சு. அப்புறம் மூணு நாவல், கடைசி ஒண்ணு அவர் இறந்த பிறகு 1982ல. இதெல்லாம் கடைல புதுசா கிடைக்கறது கஷ்டம், நான் ஏறி இறங்கின கடை எதுலயும் இல்ல. படத்த உலகமே பாத்திருக்கு, நாவல படிச்சவங்கள விரல் விட்டு எண்ணலாம் போல. பழைய புத்தகக் கடையில எங்கயாவது கண்ணுல பட்டா விடாதீங்க, டவுன் ஆல் தி டேஸ்லயே ஆரம்பிங்க. நாளைக்கு காலையில ஃப்ளைட், நான் பாதிதான் தாண்டியிருக்கேன், நாவல்ல அந்த பையனோட அக்கா வீட்ட விட்டு போறேன்னு நிக்கற இடம்.